பத்ரி மாமாவின் நன்றியுரை

பத்ரி மாமாவுக்கு மௌனம் ஒத்துக்கொள்ளாது. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசாவிட்டால் அவருக்கு மூச்சு முட்டும். தொண்டையைச் செருமுவார், நாற்காலியை நகர்த்துவார், கடைசியில் எழுந்து நன்றி சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

தொழிலில் ஆடிட்டர். ஆனால் மயிலாப்பூரில் பத்ரிநாராயணன் என்றால் எங்கள் தெருக்கோடி சபாவின் செயலாளர், நன்றியுரை பத்ரி. கச்சேரி முடிந்ததும் மைக்கைப் பிடித்து, பாடியவர், வாசித்தவர், பந்தல் போட்டவர், ஃபிளாஸ்க்கில் காபி கொண்டுவந்தவர் என்று ஒருவரையும் விடமாட்டார். அவர் வாயைத் திறந்ததுமே கூட்டம் எழுந்துவிடும். பாதிப் பேர் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள், மீதிப் பேர் ஆட்டோ பிடிக்கப் போயிருப்பார்கள். நன்றியுரை என்றால் கிளம்பலாம் என்று அர்த்தம். மயிலாப்பூர்க் கால்கள் அதற்குப் பழகிவிட்டன. அவர் பாவம், காலி நாற்காலிகளைப் பார்த்து நன்றி சொல்லி முடிப்பார்.

இப்படிப்பட்டவரைக் கூட்டிக்கொண்டுதான் நான் ஓர் எம்.பி.யைப் பார்க்கப் போனேன். என் புத்தியை என்னவென்று சொல்ல.

நான் ஸ்ரீலக்ஷ்மி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். புயல் மழையில் எங்கள் வீட்டுக் கட்டிலுக்கடியில் தண்ணீர் வந்த வருஷத்திலிருந்து, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சில பேர் பத்ரி மாமாவின் ஆபீஸில் கூடுகிறோம். கேட்பது ஒன்றுதான். நிலக்கரியும் எண்ணெயும் நாட்டுக்குள் வரும் இடத்திலேயே, தோண்டும் இடத்திலேயே, அவை விடப்போகும், பூமியைச் சூடாக்கிப் புயலைப் பெருக்கும் புகைக்கு ஒரு கட்டணம் போட வேண்டும். வசூலாகும் பணத்தை அரசாங்கம் வைத்துக்கொள்ளாமல் எல்லாக் குடும்பங்களுக்கும் சமமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நிறைய எரிப்பவருக்குக் கையைக் கடிக்கும். குறைவாக எரிப்பவருக்கு லாபம். எங்களுக்குச் சம்பளமும் இல்லை, கட்சியும் இல்லை. அக்கம்பக்கத்தில் வைத்த பேர் மட்டும் உண்டு: ‘கரிச் சங்கம்’. தெருவில் இஸ்திரி போடுகிறவர், கரி விலை ஏறப்போகிறதா என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்.

பெசன்ட் நகர் கடற்கரையில் துண்டுப் பிரசுரம் கொடுத்துக்கொண்டிருந்தபோது சண்டைக்கு வந்தவர்தான் எஸ்தர். பக்கத்திலிருக்கும் மீனவர் குப்பத்துக்காரர், மீன் விற்பவர், அங்கே பெண்கள் சங்கத்தின் தலைவி.

“இன்னா டீச்சர், டீசல் விலை ஏறணும்னு நோட்டீஸ் அட்ச்சு குட்துக்கினு கீற? எங்க வூட்டுக்காரரு போட்டு இன்னா காத்துலயா ஓடுது?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். பணம் திரும்பி வரும் என்று நான் கத்த, வந்தப்புறம் சொல்லு என்று அவர் கத்த, சுண்டல் வாங்க வந்தவர்களெல்லாம் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். மறுவாரம் அவரே எங்களைத் தேடிக்கொண்டு வந்தார்.

“கடலுக்குப் போற நாளே கொறைஞ்சிக்கினு வருது டீச்சர். எப்பப் பாத்தாலும் காத்து, புயலு. ஏதோ ஒண்ணு செய்யத்தான் வேணும். ஆனா துட்டு எங்க கைக்கு வரும்னு நீ சொன்னா பத்தாது. டெல்லியில ஒருத்தர் எழுந்து நின்னு கேக்கணும்.”

அன்றிலிருந்து எஸ்தர் எங்களில் ஒருவர். அதனால் குப்பத்தில் அவருக்குத்தான் கஷ்டம். டீசல் விலையை ஏற்றச் சொல்கிறவர்களோடு உனக்கென்ன சகவாசம் என்று சங்கத்துப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. ‘எம்.பி. கிட்ட பதிலு வாங்கினு வரேன். வாங்காம வந்தா நான் தலைவியே இல்ல, வேற ஆளப் பாத்துக்கோங்க’ என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். சுனாமி வீட்டுப் பட்டாவிலிருந்து ரேஷன் கார்டு வரை அந்தப் பெண்களுக்காக அலைந்தவர் அவர். அந்தப் பதவி எங்களால் போனால் நான் எந்த முகத்தோடு அந்தக் கடற்கரைக்குப் போவது?

மாநிலங்களவை உறுப்பினர் கங்காதரன் அடையாறில் இருக்கிறார். எத்தனையோ தடவை போன் செய்து, ஒருவழியாக ஒரு காலை நேரம் கிடைத்தது. நான் எல்லோரையும் உட்காரவைத்து ஒத்திகை பார்த்தேன். பத்ரி மாமா முதலில் வணக்கம் சொல்லி, அவர் செய்த ஏதாவது ஒரு நல்ல காரியத்தைப் பாராட்ட வேண்டும். நான் திட்டத்தைச் சுருக்கமாகச் சொல்வேன். எஸ்தர் கேள்வியைக் கேட்பார். அதற்கப்புறம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அரசியல்வாதியிடம் கேட்டுவிட்டு நாமே பேசினால் அவர் தப்பித்துக்கொள்வார். சும்மா இருந்தால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

“அதென்ன, ஒருத்தர் ஆத்துக்குப் போயிட்டு அவர் மூஞ்சியையே பாத்துண்டு உக்காந்திருக்கறது? நன்னாவா இருக்கும்?” என்றார் பத்ரி மாமா.

“நன்னா இருக்க வேண்டாம் மாமா. பதில் வரணும்.”

ஒத்திகையில் மூன்று தடவையும் அவர் தோற்றார். கடைசியில் ஒரு பெரிய கல்கண்டுக் கட்டியை அவர் கையில் கொடுத்தேன். எஸ்தர் கேள்வி கேட்க ஆரம்பித்ததும் அதை வாயில் போட்டுக்கொள்ள வேண்டும்; அது கரைகிற வரைக்கும் பேசக் கூடாது.

கங்காதரன் நல்ல மாதிரியாகத்தான் வரவேற்றார். சோர்ந்த முகம், மேஜைமேல் போன் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. பத்ரி மாமா, சதுப்புநிலத்தைக் காப்பாற்றச் சொல்லி அவர் டெல்லியில் பேசியதைப் பாராட்டினார், அளவாகத்தான். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். எஸ்தர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்தார்.

“சார், பொகைக்குக் கட்டணம் போட்டா அந்தத் துட்டு எங்க வூடுங்களுக்குத் திரும்பி வருமான்னு டெல்லியில நீங்க கேப்பீங்களா?”

மௌனம். கங்காதரன் ஜன்னலைப் பார்த்தார். போனைக் கவிழ்த்து வைத்தார். வாயைத் திறக்கப் போவதுபோல் இருந்தது.

நறுக்கென்று ஒரு சத்தம். பத்ரி மாமா கல்கண்டைக் கடித்துவிட்டார்.

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் எழுந்து நின்று கைகூப்பிக்கொண்டிருந்தார். “இந்த இனிய காலை வேளையில், தமது இடையறாத பணிகளுக்கு நடுவே எங்களுக்காக நேரம் ஒதுக்கிய மாண்புமிகு உறுப்பினர் அவர்களுக்கும், மணக்க மணக்கக் காபி வழங்கிய...”

அவ்வளவுதான். கங்காதரன் நிம்மதியாக எழுந்து கும்பிட்டார். உதவியாளர் கதவைத் திறந்துவிட்டார். சொல்லப்போனால், நானும் எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டியிருந்தேன். வெட்கக்கேடு. ஒத்திகை நடத்தியவளே நான்தான்.

எஸ்தர் மட்டும் எழுந்திருக்கவில்லை. எங்களை ஒருவர் மாற்றி ஒருவர் பார்த்தார்.

“இன்னா எல்லாரும் எழுந்துட்டீங்க? சார் இன்னும் ஒண்ணுமே சொல்லலியே?”

“பரிசீலிக்கிறேம்மா” என்றார் கங்காதரன், நின்றபடியே.

“உக்காந்து சொல்லுங்க சார். நான் போய் எங்க பொம்பளைங்களுக்குப் பதிலு சொல்லணும். இல்லன்னா என் பதவி பூடும்.”

கங்காதரன் அவரை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு உட்கார்ந்தார். நாங்களும் உட்கார்ந்தோம். பத்ரி மாமா முகம் செத்துப்போயிருந்தது.

“உண்மையைச் சொல்றேம்மா. நாளைக்கே, டீசல் விலையை ஏத்தச் சொன்ன எம்.பி.ன்னு என் போட்டோவைப் போட்டு ஊரெல்லாம் அனுப்புவாங்க.”

“என்னையும்தான் சார் திட்றாங்க. ஏத்தச் சொல்லி உங்களை யாரு கேட்டாங்க? ஏத்தினா திரும்பி வருமான்னு தானே கேக்கச் சொல்றோம்.”

மறுபடியும் மௌனம். முன்னதைவிட நீளம். பத்ரி மாமா இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

“சரி” என்றார் கங்காதரன். “அடுத்த கூட்டத்தொடர்ல எழுத்துமூலமா கேள்வி கொடுக்கறேன். நான் ஆதரிக்கறேன்னு மட்டும் எங்கேயும் சொல்லிடாதீங்க. கேள்வி கேட்பேன். அது என் வேலைதானே.”

வெளியே வந்ததும் எனக்கு அழுகை வந்தது. சந்தோஷ அழுகைதான், ஆனாலும் மாமாவைத் திட்டாமல் விடவில்லை. அவர் எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டார். வண்டியைக் குப்பத்துப் பக்கம் திருப்பினார். “எஸ்தர் தனியாப் போய் நிக்க வேண்டாம்” என்றார்.

வலை உலர்த்தும் கொட்டகையில் பெண்கள் காத்திருந்தார்கள். எஸ்தர் நடந்ததை அப்படியே சொன்னார். எம்.பி. கேள்வி கேட்பதாகச் சொன்னார், ஆதரவு என்று சொல்லவில்லை, பணம் வரும் என்றும் சொல்லவில்லை. ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

“இவ்ளோதான் வாங்கினு வந்தேன். நான் தலைவியா இருக்கலாமா வேணாமா, நீங்களே சொல்லுங்க.”

யாரும் பேசவில்லை. அலைச் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கே நாக்கு துறுதுறுத்தது. எஸ்தருக்காக எழுந்து நாலு வார்த்தை சொல்லிவிடலாமா என்று இருந்தது. பத்ரி மாமாவைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு, உதடுகளை இறுக்கிக்கொண்டு, மணலில் ஆணி அடித்தாற்போல் உட்கார்ந்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. வாயில் கல்கண்டு கூடக் கிடையாது.

முன்வரிசையில் இருந்த புஷ்பம்தான் முதலில் வாயைத் திறந்தார். எஸ்தரோடு அதிகம் சண்டை போட்டவர் அவர்தான் என்று பிறகு தெரிந்தது.

“துட்டு வரும்னு அவரு சொல்லலன்னா, சொல்லலன்னே வந்து சொல்றா பாரு. வேற எவ சொல்லுவா? கேள்வி கேக்கட்டும். அதுக்குப் பதிலு வரட்டும், அப்பால பேசலாம். நீயே இருடி.”

எஸ்தர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கொட்டகையில் பேச்சும் சிரிப்புமாகக் கிளம்பியது. பத்ரி மாமா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், சின்னப் பிள்ளை மாதிரி. நான் தலையாட்டினேன்.

எழுந்தார். பழக்கதோஷத்தில் நான் செருப்பைத் தேடினேன். எஸ்தருக்கு நன்றி சொன்னார், புஷ்பத்துக்குச் சொன்னார், கடலுக்குப் போயிருக்கும் ஆண்களுக்குச் சொன்னார், டீ போட்டுக் கொடுத்த அம்மாளின் பேரை விசாரித்துச் சொன்னார். ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. நன்றியுரை என்றால் கிளம்ப வேண்டும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. கன்னத்தில் கைவைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பாதியில் மாமாவுக்குக் குரல் உடைந்தது. நிறுத்திக்கொண்டார். அவர்கள் காத்திருந்தார்கள்.