சிலுவை இல்லாத கடிதம்

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, காலைக் கஞ்சியும் முடிந்து, பெண்கள் எல்லோரும் படிப்பறையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மதர் செசில் கரும்பலகையில் கடிதத்தை எழுதி முடித்துவிட்டு, விரல்களில் ஒட்டிய சுண்ணத்தைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் அப்படியே பார்த்தெழுதி வீட்டுக்கு அனுப்ப வேண்டிய கடிதம் அது. ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். 'அன்புள்ள அப்பா, அம்மா, நான் நலமாகவும் மகிழ்ச்சியாகவும் இருக்கிறேன்' என்று ஒவ்வொரு வாரமும் ஒரே மாதிரி ஆரம்பிக்கும். அப்பா இல்லாதவர்கள் 'அப்பா' என்ற சொல்லை விட்டுவிடலாம் என்று சேர்ந்த வாரமே மதர் சொல்லியிருந்தார். ஜூலியானா அந்தச் சொல்லை விட்டுவிட்டு எழுத ஆரம்பித்தாள்.

எட்டு மாதங்களில் அவளுக்குக் கை பழகியிருந்தது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் மணியான கையெழுத்து என்று பேர் வாங்கியவள். அதைப் பார்த்துத்தான் நிபோங் திபால் பங்குச் சாமியார் இந்தக் கன்னியர் விடுதியில் அவளுக்கு இலவச இடம் கேட்டு வாங்கித் தந்தார். இலவசம் என்றால் என்ன என்று இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. சாப்பாட்டு அறையில் சமையல்கட்டை ஒட்டிய மேசை இலவசப் பிள்ளைகளுடையது. அந்த மேசையில் ஐந்து பேர். மற்றவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு தட்டுகளைக் கழுவுவதும் அந்த ஐந்து பேர்தான். பதினைந்து வயதில் அவள் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு வகுப்பில் உட்கார்ந்திருந்தாள், ஆங்கிலம் போதாது என்று. பாவாடையில், உள்பாவாடையில், தலையணை உறையில் எல்லாம் சிவப்பு நூலால் 47 என்று தைத்திருந்தது. குளிக்கும்போதுகூடக் கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் ஒரு சட்டை போட்டுக்கொண்டுதான் குளிக்க வேண்டும். ஈரத்தில் அது உடம்போடு ஒட்டிக்கொண்டு, வேறு யாரோ கட்டிப் பிடித்திருப்பது போல இருக்கும். அவள் யாரோடும் சண்டை போடவில்லை. கேட்டால் பதில் சொல்வாள். மதில் சுவருக்கு அப்பால் கடல். அக்கரையில் பிறை என்ற ஊரின் துறைக்குப் போகும் ஃபெரியின் சங்கு ஊதும்போதெல்லாம் அவள் கையில் இருக்கும் வேலை ஒரு நொடி நின்றுவிடும். மதர் செசில் அதைச் சோம்பல் என்று நினைத்துக்கொண்டார்.

கடிதத்தின் நடுவில் புதிதாக ஒரு வரி இருந்தது. 'வியாழக்கிழமை நாங்கள் எல்லோரும் தஞ்சோங் பூங்கா கடற்கரைக்கு உல்லாசப் பயணம் போனோம். கடலில் கால் நனைத்தோம். அன்னாசிப் பழமும் கேக்கும் சாப்பிட்டோம்.'

ஜூலியானாவின் பேனா நின்றது. வியாழக்கிழமை காலை இரண்டு வண்டிகள் வந்து நின்றன. கட்டணம் கட்டும் பெண்கள் தொப்பியோடு ஏறினார்கள். இலவசப் பிள்ளைகள் ஐந்து பேரும் படுக்கையறைத் தரையைத் தேங்காய் மட்டை போட்டுத் தேய்த்தார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தெரேசா, தைப்பிங் ஸ்டேஷன் மாஸ்டர் மகள், தாளைப் பார்த்தபடியே உதடு அசையாமல் கிசுகிசுத்தாள்.

"என்னா நிறுத்திட்டே. எழுதுலா. நீயும் கேக் சாப்பிட்டதா இருக்கட்டும்."

"நான் தரை தேச்சேன்."

"அதையா எழுதப் போறே? மதர் கிழிச்சுப் போட்டுட்டு மறுபடி எழுதச் சொல்லுவாங்க. உங்கம்மாவுக்கு இங்கிலீஷா தெரியும்? எதை எழுதுனா என்னா."

அது உண்மைதான். அம்மாவுக்கு இங்கிலீஷ் மட்டுமல்ல, தமிழும் படிக்கத் தெரியாது. அமலம்மாள் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுக்குப் போகிறவள். கடிதம் வந்தால் சாயங்காலம் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி ஜெயராஜ் வீட்டு வாசலில் போய் நிற்பாள். அவர் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்வார். விடுதி வாசலில் விட்டுப் போன அன்று அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது ஒன்றுதான். "நீ எழுதுறது எனக்குத் தெரியாதும்மா. மேல ஒரு சிலுவை போட்டுடு. அதைப் பார்த்தா எம்புள்ள எழுதுனதுன்னு கிராணி வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்குவேன்." அன்றிலிருந்து எல்லாக் கடிதங்களிலும் தாளின் உச்சியில், நடுவில், அவள் ஒரு சின்னச் சிலுவை போட்டாள். அது கரும்பலகையில் இல்லாதது. முழுக் கடிதத்திலும் அவளுடையது என்று இருந்தது அந்த இரண்டு கோடுகள்தான்.

இன்று அவள் எல்லாவற்றையும் எழுதினாள். கடலில் கால் நனைத்தாள், அன்னாசி சாப்பிட்டாள். ஒரு பிழை இல்லை. கடைசியில் தாளின் உச்சிக்கு வந்தபோது, இத்தனை பொய்க்கு மேலே சிலுவை எதற்கு என்று தோன்றியது. கோபம்தான். யார் மேல் என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மதர் மேல், தொப்பி போட்ட பெண்கள் மேல், எல்லாவற்றுக்கும் மேலாக, இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ரிக்‌ஷாவில் ஏறிப் போன அம்மா மேல். சிலுவை இல்லாததைப் பார்த்து அம்மா கொஞ்சம் யோசிக்கட்டும். என்னமோ சரியில்லை என்று புரிந்துகொண்டு வந்து கூட்டிப் போகட்டும். உச்சியை வெறுமையாக விட்டு, மை காய்ந்ததும் கூடையில் போட்டாள். மதர் செசில் படித்துப் பார்த்துவிட்டு, "சுத்தமான எழுத்து" என்று முதல் தடவையாகப் பாராட்டினார்.

புதன்கிழமை மத்தியானம் தையல் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாசற்கதவைப் பார்த்துக்கொள்ளும் கிழவி வந்து நாற்பத்தேழாம் நம்பரைக் கூப்பிட்டாள். எழுந்து போகும்போதே ஜூலியானாவுக்கு ஒரு சத்தம் கேட்டது. பார்வையாளர் அறையிலிருந்து வந்தது. அழுகை என்று சொல்ல முடியாத, மூச்சை உள்ளே இழுக்கும்போது வரும் ஒரு சத்தம்.

அமலம்மாள் நாற்காலியில் உட்காரவில்லை. மெழுகு போட்டுப் பளபளத்த தரையில், சுவரோரமாகக் குந்தியிருந்தாள். காலில் செம்மண். அவிழ்ந்த கொண்டையை முடியக்கூட இல்லை. மடியில் ஒரு துணி மூட்டை. மதர் செசில் அவள் எதிரில் குனிந்து, புரியாத பாஷையில் என்னவோ சொல்லித் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். கதவில் நிழல் விழுந்ததும் அமலம்மாள் நிமிர்ந்தாள். பார்த்தாள். எழுந்து வந்து மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். தோள், கை, விரல் என்று ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள். பிறகு ஓங்கி முதுகில் ஒரு அறை வைத்தாள்.

"உசுரோடதான் இருக்கியா," என்றாள். "பாவி. உசுரோடதானே இருக்கே."

"என்னாம்மா? என்னா ஆச்சு?"

"என்னா ஆச்சா? கடுதாசியில சிலுவை இல்லே." இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினாள். தாள் வியர்வையில் நனைந்து மடிப்பில் கிழிந்திருந்தது. "நேத்து மத்தியானம் தபால்ல வந்துச்சு. எடுத்து மேல பாக்கறேன், ஒண்ணுமில்லே. கிராணி வீட்டுக்கு ஓடுனா, அவரு கல்யாணத்துக்குப் போயிருக்காரு, வெள்ளிக்கிழமைதான் வருவாராம். இங்கிலீஷு தெரிஞ்சவங்க வேற யாரு இருக்கா? பழனியப்பன் கங்காணிகிட்ட காட்டுனேன். அந்த அண்ணன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. எங்கள்ல பிள்ளையார் சுழி போடாம கடுதாசி வந்தா சாவுதாம்மா, உங்கள்லயும் அப்படித்தானான்னு கேட்டாரு. எங்கள்லயும் அப்படித்தானேடி. நாகப்பட்டணத்துலேருந்து உன் மாமன் செத்த கடுதாசி அப்படித்தானே வந்துச்சு. தலைப்புல மொட்டையா. நீ அப்ப சின்னப் புள்ள."

ஜூலியானாவுக்கு அந்தக் கடிதம் நினைவில்லை. அன்று தோட்டத்து லயத்தில், வீட்டு வாசலில் அம்மா தலையில் அடித்துக்கொண்டது மட்டும் நினைவிருந்தது.

"நீ எழுதுற கை மாதிரி இருக்கே, புள்ளையே செத்துட்டா யாரு எழுதியிருப்பான்னுகூட எனக்குத் தோணல. எழுத்தைக் கண்டேனா நான்? எல்லாம் எறும்பு ஊர்ற மாதிரிதானே இருக்கு. ரயிலு போற கம்பிச்சடக்கு வரைக்கும் நடந்தேன். முதல் ரயிலு. பிறையில ஃபெரிக்குக் காத்துக் கிடக்கறப்ப ஒரு மலாய்க்காரப் பொம்பளை தண்ணி குடுத்தா. குடிக்க முடியல."

மதர் செசில் ஜூலியானாவைப் பார்த்தார். "உன் அம்மா எதற்காக வந்திருக்கிறார்? யாரோ இறந்துவிட்டதாக நினைக்கிறாரா? கேட்டுச் சொல்," என்றார் ஆங்கிலத்தில்.

அறையில் இரண்டு பாஷையும் தெரிந்தவள் ஜூலியானா ஒருத்திதான். எதை வேண்டுமானாலும் சொல்லலாம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, உடனே வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொன்னால் மதர் நம்புவார். அதே வாயால் அம்மாவிடம், மதர் என்னை அனுப்பிவிடச் சொல்கிறார் என்று சொன்னால் அம்மா நம்புவாள். நாலைந்து வாக்கியங்கள் போதும். எட்டு மாதமாகத் தினமும் படுக்கையில் அவள் கட்டி வைத்திருந்த வாக்கியங்கள் அவை. அம்மாவின் காலில் இருந்த செம்மண் தரையில் உதிர்ந்து, மெழுகின் மேல் கோடு கோடாகக் கிடப்பதைப் பார்த்தாள்.

"நான் இறந்துவிட்டதாக நினைத்துவிட்டார், மதர்," என்றாள். "கடிதத்தின் மேலே சிலுவை போடவில்லை. எப்போதும் போடுவேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. சிலுவையை மட்டும் தெரியும்."

"ஏன் போடவில்லை?"

"நான் தஞ்சோங் பூங்காவுக்குப் போகவில்லை, மதர்."

மதர் செசிலுக்கு உடனே விளங்கவில்லை. பிறகு விளங்கியது. வெளுத்த முகத்தில் காதோரம் சிவந்தது. அவர் பிரான்சில் ஏதோ ஒரு சின்ன ஊரிலிருந்து கப்பலேறி வந்தவர் என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள். அங்கிருந்து அவருக்கு வருஷத்துக்கு இரண்டு கடிதம் வரும். அவர் நனைந்த தாளை அமலம்மாளின் கையிலிருந்து மெல்ல வாங்கி, தன் எழுத்திலிருந்து வந்த ஒவ்வொரு வரியையும் படித்தார். வெறுமையாக இருந்த உச்சியில் கட்டைவிரலை வைத்து, சற்று நேரம் எடுக்கவே இல்லை.

"நாலு மணிக்கு ஒரு ஃபெரி இருக்கிறது," என்றார் கடைசியில், குரலைத் தணித்து. "நீ இங்கே இவ்வளவு துயரமாக இருக்கிறாய் என்றால், உன் அம்மா உன்னைக் கூட்டிப் போகலாம். நான் தடுக்க மாட்டேன். நீ இருக்க விரும்பினாலும் இருக்கலாம். இனிமேல் உன் கடிதத்தை நீயே எழுது. உன் அம்மாவிடமும் கேள்."

"என்னா சொல்றாங்க?" என்றாள் அமலம்மாள்.

ஜூலியானாவின் பார்வை தரைக்குப் போனது. அம்மா எழுந்தபோது தரையில் விழுந்த மூட்டை முடிச்சு தளர்ந்து கிடந்தது. உள்ளே வெள்ளையாக எதுவோ தெரிந்தது. குனிந்து இழுத்தாள். ஒரு கவுன். கழுத்தில் சுருக்கு வைத்து, கையில் சரிகை நாடா ஓட்டி, ஒன்பது வயதில் பூசையில் முதன்முதலாக நன்மை அப்பம் வாங்கிய அன்று அவள் போட்டிருந்தது. அப்பா இருந்தபோது துணி எடுத்துக் கொடுத்து, அம்மா கையால் தைத்தது. கல்யாணமாகாத பெண் செத்தால் வெள்ளை உடுத்தித்தான் பெட்டியில் வைப்பார்கள். அவளுக்குக் கொண்டுவர வேண்டியது வேறு எதுவும் அம்மாவுக்குத் தோன்றியிருக்கவில்லை.

அவள் கவுனைத் தோளோடு வைத்துப் பிடித்தாள். அடி விளிம்பு இடுப்புக்குக் கொஞ்சம் கீழேதான் வந்தது.

"இது எனக்குப் பத்தாதும்மா."

அமலம்மாள் பார்த்தாள். மகளை உச்சியிலிருந்து பாதம் வரை, இந்த அறைக்குள் இப்போதுதான் வந்தவள் போலப் பார்த்தாள். "வளந்துட்டேடி," என்றாள். ரயிலிலும் ஃபெரியிலும் அந்தக் கவுனுக்குள் ஒரு ஒன்பது வயதுப் பிள்ளையைப் படுக்க வைத்தபடியே வந்திருக்கிறாள் போலிருந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே அடங்கியிருந்த அந்தச் சத்தம் இப்போது சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் வெளியே வந்தது.

"மதர் என்னா சொல்றாங்கன்னு கேட்டேன்ல."

"நாலு மணிக்கு ஃபெரி இருக்காம்."

"ஒருத்திக்கா, ரெண்டு பேருக்கா?"

ஜூலியானா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மதர் செசில் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். வெளியே, மதிலுக்கு அப்பால், இரண்டு மணி ஃபெரி சங்கு ஊதியது. ஜூலியானாவின் கை நின்றது. இந்தத் தடவை அம்மாவின் கையும் நின்றது.

"சொல்றேன்," என்றாள் ஜூலியானா. "மொதல்ல உக்காரு. தண்ணி கொண்டாரேன்."

அவள் குவளையோடு திரும்பி வந்தபோது அமலம்மாள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். கவுனை மடியில் கவிழ்த்துப் போட்டு, அடி விளிம்பின் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். "வளர்ற புள்ளைன்னு நாலு விரக்கடை உள்ள விட்டுத்தான் தச்சேன்," என்றாள், நூலைத் துப்பிவிட்டு. "அப்படியும் பத்தாது. சட்டையா வெட்டிக்கலாம்." அவள் இழுக்க இழுக்க மடிப்பு விரிந்தது. ஆறு வருஷப் பெட்டி வாசத்தில் கவுன் மஞ்சளாகப் பழுத்துப்போயிருந்தது. மடிப்புக்குள் இருந்த அந்த நாலு விரல் துணி மட்டும் ஒரு வெளிச்சமும் படாமல், அன்றைக்குக் கடையிலிருந்து வாங்கி வந்தது போல, வெள்ளையாக இருந்தது.