குனிந்து நடக்கும் தீவு

சான் தெல்மோ தீவில் பறவைகள் இருக்கும்வரை எலாதியோ நிமிர்ந்து நடந்ததே கிடையாது. பெருவின் கரையோரத் தீவுகளைக் காக்கும் காவலர்கள் எல்லோருக்கும் அதுதான் வழக்கம். நிமிர்ந்த மனிதனைக் கண்டால் நீர்க்காகங்களுக்கு ஆகாது. ஒன்று பதறி எழுந்தால் மொத்தக் கூட்டமும் எழுந்துவிடும். அந்த இடைவெளியில் முட்டையும் குஞ்சும் கடற்புறாக்களின் வாய்க்குப் போகும். அதனால் இடுப்பை மடித்து, கைகளைத் தொங்கவிட்டு, மண்ணில் ஊசியைத் தேடுகிறவனைப்போல் நடக்க வேண்டும். விசில் கூடாது, சிவப்புச் சட்டை கூடாது, ஓடவே கூடாது. விடுமுறையில் துறைமுகத்தில் போய் இறங்கினாலும் அவனுக்கு அதே நடைதான் வரும்.

"கடைத்தெருவுல என்ன பறவையா அடைகாக்குது? நிமிந்து நடங்க, பாக்குறவங்க சிரிக்கிறாங்க" என்று மனைவி தெல்ஃபீனா முழங்கையால் இடிப்பாள்.

அந்த ஆண்டு அவன் நிமிர்ந்து நடக்க வேண்டி வந்தது.

கோடையில் கடல் சூடேறியது. எல் நினோ என்று வானொலி சொல்வதற்கு முன்பே, கடலில் காலை நனைத்தபோதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. நெத்திலிக் கூட்டம் குளிர்ந்த நீரைத் தேடி ஆழத்துக்குப் போய்விட்டது. நீர்க்காகம் எவ்வளவு முங்கினாலும் அந்த ஆழம் எட்டாது. முதலில் பறவைகள் பொழுது சாய்ந்து வெகுநேரம் கழித்துத் திரும்பின. பிறகு வெறும் வயிற்றோடு திரும்பின. ஒருநாள் குஞ்சுகளை அப்படியே விட்டுவிட்டுத் தெற்கே போய்விட்டன. அவற்றைக் கல்நெஞ்சம் என்று திட்டுகிறவர்கள் கரையில் உட்கார்ந்து திட்டட்டும். பெரிய பறவை பிழைத்தால் இன்னொரு குஞ்சு உண்டு, அதுவும் செத்தால் ஒன்றுமே இல்லை. இது எலாதியோவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், செத்த குஞ்சுகளைக் கூடையில் அள்ளிய அந்த வாரம் முழுவதும் அழுதான்.

பிறகு தீவில் சத்தமே இல்லை. கண்ணைக் கரிக்கும் அந்த எச்ச வாடைகூட மெல்ல மெல்லக் குறைந்தது. ஆளில்லாத வீட்டில் நடமாடுவதுபோல அவன் நிமிர்ந்து நடந்தான். அந்த நடை அவனுக்குப் பிடிக்கவே இல்லை.

குளிர்காலத்தில் லிமா அலுவலகம், வயலுக்கு எருவாகும் பறவை எச்சத்தை வாரும் கூட்டத்தை அனுப்பியது. தீவு காலியாகத்தானே கிடக்கிறது, இப்போதே எச்சத்தை வெட்டி மூட்டை கட்டிவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. அதில் தப்பும் இல்லை. மலையூர்களிலிருந்து வந்த அந்த ஆட்களுக்கு மேஸ்திரி பெலிசாரியோ. தெல்ஃபீனாவின் அண்ணன்.

படகிலிருந்து இறங்கும்போதே அவன் எலாதியோவை ஏற இறங்கப் பார்த்தான்.

"என்ன மாப்ள, முதுகெலும்பு முளைச்சிருச்சா உனக்கு? என் தங்கச்சி பாத்தா சந்தோசப்படுவா."

"வாயா மச்சான். கிண்டல் பண்ணத்தான் இவ்வளவு தூரம் வந்தியா?"

"கிண்டலு இலவசம். எரு வாரத்தான் கூலி."

கடப்பாரையால் எச்சத்தை உடைத்தார்கள், சலித்தார்கள், மூட்டை கட்டித் தோளில் சுமந்து துறையோரம் அடுக்கினார்கள். வழக்கமாக அடியில் ஓர் அடுக்கை அப்படியே விட்டுவிடுவார்கள். இந்த முறை எலாதியோ துடைப்பங்களை எடுத்து நீட்டினான்.

"எல்லாத்தையும் கூட்டிருங்க. பாறை தெரியணும்."

"பாறைக்கு சவரமா பண்ணப் போற?" என்றான் பெலிசாரியோ.

"வர்றப்ப சுத்தமா இருக்கட்டும் மச்சான். செத்த குஞ்சுங்க எலும்பு இன்னும் கெடக்கு. அதுங்க மேலயா வந்து உக்காரும்?"

விருந்தாளி வருவதற்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்கிற மனசுதான் அது. யாருக்கும் மறுக்கத் தோன்றவில்லை. பறவைகள் கூடுகட்டும் சரிவு முழுவதையும் கூட்டினார்கள். பாறை கழுவி வைத்த தட்டுபோல ஆயிற்று. எலாதியோ அதைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டான், பாவம்.

சில நாட்கள் கழித்து, கூட்டத்தோடு வந்த சமையல்காரன் பொன்சியானோ ஒரு சூரை மீனின் வயிற்றைக் கீறியவன், கத்தியைப் போட்டுவிட்டுக் கத்தினான்.

"எலாதியோ! ஓடியா! இவன் வயித்துல யாரு இருக்கான்னு பாரு!"

மீனின் வயிற்றுக்குள் பளபளவென்று நெத்திலிகள். எலாதியோ ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். பிறகு துறைக்குப் போய்க் காலை நனைத்தான். தண்ணீர் குளிர்ந்து சுருக்கென்று கடித்தது. அவன் வாய்விட்டுச் சிரித்தான். அன்று எல்லோரும் எலுமிச்சையில் ஊறிய சூரையை வெங்காயத்தோடு தின்று தீர்த்தார்கள். மீனைக் கண்டாலே மூக்கைச் சுளிக்கும் பெலிசாரியோகூட இரண்டாம் தட்டு கேட்டான்.

அந்த வார முடிவில் பறவைகள் வந்தன. முதலில் நாலைந்து, அடுத்த மாலை ஒரு கறுப்புக் கோடு, அதற்கடுத்த மாலை வானமே கறுத்தது. பகலில் மீன் பிடிக்கக் கடலுக்குப் போய்விட்டு மாலையில் சரிவில் வந்து இறங்கின. எலாதியோ குனிந்துவிட்டான். அவனைப் பார்த்து மற்றவர்களும் முணுமுணுத்துக்கொண்டே குனிந்தார்கள்.

ஆனால் பறவைகள் தங்கவில்லை. நீர்க்காகத்துக்குச் சுள்ளி தெரியாது, வைக்கோல் தெரியாது. எச்சத்தையும் இறகையும் சுற்றிக் குவித்து வளையம் கட்டினால்தான் அதற்குக் கூடு. இங்கே கொத்தி எடுக்க என்ன இருக்கிறது? ஆண்பறவைகள் சரிவெங்கும் அலைந்தன. ஒன்று துடைப்பக் குச்சியை இழுத்துப் போயிற்று. ஒன்று பொன்சியானோ காயப்போட்ட காலுறையைத் தூக்கிக்கொண்டது. அதற்கு நான்கு பறவைகள் சண்டை. அவசரக்காரி ஒருத்தி வெறும் பாறையிலேயே முட்டையிட்டாள். அது உருண்டது. பள்ளத்தில் போய் நிற்பதற்குள் கடற்புறா கொத்திக்கொண்டு பறந்தது.

எலாதியோ அதைப் பார்த்தான். செத்த குஞ்சுகளையே நினைத்துக் கூட்டச் சொன்னவனுக்கு, கூட்டுக்கு எச்சம் வேண்டும் என்பது அன்று மறந்துபோயிருந்தது. விரட்டியது கடல் அல்ல இந்த முறை, இவனுடைய துடைப்பம். பெண்பறவைகள் அதிக நாள் பொறுக்காது. கூடில்லை என்றால் வேறு தீவைப் பார்த்துப் போகும், அல்லது இந்த ஆண்டும் முட்டையே இருக்காது.

அவன் வானொலிக் கருவியில் லிமாவோடு பேசிவிட்டு நேரே பெலிசாரியோவிடம் போனான்.

"மச்சான், மூட்டைங்கள்ல கொஞ்சத்தத் திருப்பிக் குடு. சரிவுல கொட்டணும்."

களைப்புக்காகக் கோக்கா இலையை மென்றுகொண்டிருந்தவனுக்கு வாய் நின்றது.

"என்ன சொன்ன?"

"தப்பு என்னுது. கூட்டச் சொன்னது நானு. லிமாவுக்கும் ஒத்துக்கிட்டுச் சொல்லிட்டேன். உங்க கூலிக்கு பாதகம் இல்லேன்னு அங்க இருக்குற இன்ஜினியர் சொல்லிட்டாரு."

"கூலியக் கேட்டனா நானு? எங்க தோளப் பாத்தியா? தோலு உரிஞ்சு கெடக்கு. எறக்கி வச்சதத் திரும்ப மேல தூக்கணுமாம், கொட்டணுமாம்! என் பசங்ககிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்லுவேன்? பைத்தியக்காரனுக்குத் தங்கச்சியக் குடுத்தேன்னா?"

"சொல்லிக்கோ. உண்மைதான."

"முடியாது போ."

எலாதியோ போகவில்லை. பக்கத்திலேயே குந்திக்கொண்டான். மாலைக் கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு எதிரே ஓர் ஆண் நீர்க்காகம் சுற்றிச் சுற்றித் தேடிவிட்டு, வெறும் அலகோடு தன் ஜோடியிடம் வந்தது. ஏதோ கொண்டுவந்ததுபோலவே கழுத்தை வளைத்து அலகைத் தரையில் வைத்தது. பெண் குனிந்து பார்த்தது. ஒன்றும் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆண் மறுபடி போயிற்று, மறுபடி வெறும் அலகோடு வந்தது, மறுபடி வைத்தது.

பெலிசாரியோ வெகுநேரம் அதையே பார்த்தான்.

"எம் மாமனாரு வீட்டு வாசல்ல நானும் இப்படித்தான் நின்னேன்" என்றான் கடைசியில். "'கூரை இருக்கா?'ன்னாரு. 'போடுவேன்'னேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஊர்க்காரனுங்க ஆளுக்கொரு கை குடுத்தானுங்க. கூரை வந்துச்சு." இலைச்சக்கையைத் துப்பினான். "உன்னோட பெரிய இம்சை மாப்ள."

மறுநாள் காலை பறவைகள் கடலுக்குப் போனதும் முதல் மூட்டையைத் தோளில் ஏற்றியவன் பெலிசாரியோதான். ஆட்கள் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார்கள், ஆனாலும் தூக்கினார்கள். மேலே தங்கிவிட்ட சில பறவைகள் பதறக் கூடாது என்பதற்காகக் கடைசித் தூரத்தை மண்டியிட்டுத் தவழ்ந்து கடந்தார்கள்.

"சாமி கும்புடக்கூட நான் இப்படி முட்டி போட்டதில்ல" என்றான் பொன்சியானோ.

"பேசாம தவழுடா. உன் காலுறைய வச்சுத்தான் ஒருத்தன் குடும்பம் நடத்துறான்" என்றான் பெலிசாரியோ.

சாயங்காலம் பறவைகள் வந்தன. இறங்கின. ஒரு கணம் தயங்கின. பிறகு சரிவு முழுவதும் ஒரே கொத்தல், ஒரே இரைச்சல், திருவிழாச் சந்தைபோல. குடிசையில் யாருக்கும் தூக்கமில்லை. எலாதியோவுக்கு மட்டும் எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நல்ல உறக்கம் வந்தது. சில நாட்களில் வளையங்களில் வெளிர்நீல முட்டைகள் தெரிந்தன. எதுவும் உருளவில்லை.

கடல் கொந்தளிப்பால் தாமதித்த சரக்குப்படகு ஒருவழியாக வந்து மிச்ச மூட்டைகளையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டது. மாலுமி புதியவன். தீவை விட்டுக் கிளம்பும்போது விடைபெறச் சங்கு ஊதுவது அவன் பழக்கம். சங்குக் கயிற்றில் அவன் கை வைத்ததும் பெலிசாரியோ பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தான்.

"ஊதுன, உன்னையே கடல்ல ஊதிருவேன். புள்ளத்தாச்சிங்க உக்காந்திருக்காங்க."

கரையில் எலாதியோ நின்றான். கையை ஆட்டினால் பறவைகள் மிரளும். கூவினாலும் மிரளும். எப்படித்தான் விடைகொடுப்பது? அவன் வெறுமனே குனிந்து நின்றான், கண்கள் நிறைந்துவிட்டன.

படகு மெல்ல விலகியது. அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். படகின் மேல்தளத்தில் பெலிசாரியோ இடுப்பை மடித்து, கைகளைத் தொங்கவிட்டு நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் பொன்சியானோ. அவனுக்குப் பின்னால் எல்லோரும், தோல் உரிந்த தோள்களோடு, படகு முனையைத் தாண்டும்வரை சத்தமில்லாமல் குனிந்தே நின்றார்கள்.