சனியைப் பார்க்க நட்ட தூண்

என் மனைவி அன்னத்தாய் சனீஸ்வரரைப் பார்க்க வேண்டும் என்றாள். கோயிலில் அல்ல, வானத்தில்.

அவள் கும்ப ராசி. ஏழரை நடந்துகொண்டிருந்தது. சனிக்கிழமைதோறும் ஸ்ரீவைகுண்டம் கைலாசநாதர் கோயிலுக்கு பஸ் ஏறிப் போவோம். அது சனிக்குரிய தலம்; அங்கே எல்லோரையும் போல அவளும் சந்நிதிக்கு நேரே நிற்காமல், சற்று ஒதுங்கி நின்று கும்பிடுவாள். புனேயில் வேலை பார்க்கும் எங்கள் மகள் சுப்ரஜாவிடம் ஒருநாள் போனில், “இத்தனை வருஷமா என்னைப் போட்டுப் படுத்துதாரு. ஆளு எப்படி இருக்காருன்னு ஒருதரம் நேராப் பாக்கணும்ட்டி,” என்றாள். விளையாட்டுப் பேச்சு என்று நான் நினைத்தேன். மகள் அப்படி நினைக்கவில்லை. கார்த்திகை மழை ஓய்ந்த வாரத்தில் தொலைநோக்கி ஒன்று பெட்டியில் வந்து இறங்கியது.

மகளின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. போன ஆண்டு முதல் அன்னத்தாயின் கைகள் நடுங்குகின்றன. முதலில் வலது கை, பிறகு இரண்டும். பாளையங்கோட்டை நரம்பு மருத்துவர் நோயின் பெயரைச் சொல்லி, மாத்திரையால் மட்டுப்படுத்தலாம், நிறுத்த முடியாது என்றார். சில வேளைகளில் தலையும் ஆடத் தொடங்கியிருந்தது. இன்று முடிவது அடுத்த ஆண்டு முடியுமா என்று யாராலும் சொல்ல முடியாது.

இதை நான் வெளியில் சொல்லவில்லை. எங்கள் குடும்பம் அம்பாசமுத்திரத்தில் நாலு ஊர் மதிக்க வாழ்ந்த குடும்பம். வயல்கள் போயின, பாளையங்கோட்டைப் பக்கம் கே.டி.சி. நகருக்குக் குடிவந்தோம், பெயர் போகவில்லை. வீட்டுச் சங்கதி வாசலைத் தாண்டக் கூடாது என்பது என் தகப்பனார் வைத்த முறை. சார்பதிவாளராக இருந்த காலத்திலும் ஓய்வு பெற்ற பிறகும் நான் அதைக் காத்து வந்தேன். கல்யாண வீடுகளில் அன்னத்தாயின் கைகள் முந்தானைக்குள் இருக்கும். கேட்டவர்களிடம், “அவளுக்குக் குளிர் ஆகாது,” என்பேன். சித்திரை மாதத்திலும் அதையே சொல்லியிருக்கிறேன்.

முதல் நாள் விளக்கு வைத்த பிறகு தொலைநோக்கியை மொட்டைமாடியில் நிறுத்தினேன். குழல் என் தொடைப் பருமன். அதைத் தாங்கிய மூன்று அலுமினியக் கால்களோ கல்யாண வீட்டு போட்டோக்காரர் வைத்திருப்பதைவிட மெலிந்தவை. வெகுநேரம் தடவித் தடவித் தென்மேற்கில் அவரைக் கண்டுபிடித்தேன். பாசிமணி போலச் சிறு மணி ஒன்று. குறுக்கே ஊசி குத்தினாற்போல வளையம். நான் மூச்சு விட்டாலே அது துள்ளியது.

அன்னத்தாய்க்குக் குனிந்து பார்க்கப் பிடிமானம் வேண்டும். குழலைப் பிடித்தாள்.

“என்ன தெரியுது?” என்று கேட்டேன்.

“ஒரு வெள்ளைக் கோடு. கிடந்து துடிக்குது.” கொஞ்ச நேரம் பார்த்தாள். “அவருக்கும் என் சீக்குதான் போல,” என்று சிரித்துவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்திருந்தால் எரிச்சல்பட்டிருப்பேன். கேட்காமல் இருந்ததுதான் தாங்கவில்லை.

நானே சீர்செய்யப் பார்த்தேன். மாடித் தளம் நடந்தாலே அதிரும் என்று தெரிந்ததால் புறவாசலில் மண்தரைக்குக் கொண்டுவந்தேன். கால்களை முழுக்க உள்ளே தள்ளிக் குட்டையாக்கினேன். கால்களின் நடுவே மணல் மூட்டை கட்டித் தொங்கவிட்டேன். பாதங்களுக்கு அடியில் பழைய செருப்பு ரப்பரை வெட்டி வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் பலன் இருந்தது. எனக்கு மணி துள்ளாமல் நின்றது. அன்னத்தாயைக் கூப்பிடும் அளவுக்கு நம்பிக்கை வரவில்லை. குழலை அவள் பிடிப்பதுபோல நானே கையை ஆட்டிப் பிடித்துப் பார்த்தேன். மறுபடி வெள்ளைக் கோடு.

“காலையே மாத்தணும்ப்பா,” என்றாள் சுப்ரஜா. “ஆனா தை முடியறதுக்குள்ள பாத்திருங்க. நாளுக்கு நாள் மேற்கே இறங்குது. மாசியில சூரிய வெளிச்சத்துக்குள்ள போயிரும். திரும்பச் சாயங்காலத்துல பாக்க அடுத்த மழைக்காலம் ஆயிரும்.”

இரண்டு வகைத் தாங்கிகளின் படங்களை அனுப்பினாள். ஒன்று, வானம் நகர்வதற்கு ஏற்பச் சாய்வாகச் சுற்றுவது. அதைத் துருவ நட்சத்திரத்தைக் குறிபார்த்து நிறுத்த வேண்டும். நம் ஊரில் துருவ நட்சத்திரம் அடிவானத்தை ஒட்டிக் கிடக்கும். எங்கள் வீட்டுக்கு வடக்கே மூன்று மாடிக் கட்டடம் வேறு. மற்றது பீரங்கி வண்டி மாதிரி: இடம் வலம், மேல் கீழ், அவ்வளவே. சனி நகர நகர நாம் கையால் தள்ளிக்கொள்ள வேண்டும். இரண்டாவதே போதும், அதையும் இங்கேயே உறுதியாகச் செய்துகொள்ளலாம் என்று முடிவு செய்து, பேட்டையில் தாஜ் முகம்மதின் வெல்டிங் பட்டறைக்குப் போனேன். எங்கள் வீட்டு கேட்டைச் செய்தவர் அவர்.

படத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: “யாரு பாக்கப் போறது அண்ணாச்சி? நின்னுக்கிட்டா, உக்காந்தா? கையை எங்கன வைப்பாக?”

“யாரு பாத்தா என்ன பாய்? ஆடக் கூடாது, அம்புட்டுதான்.”

“ஆடுததுக்கு ஒரு காரணம் இருக்கும்லா. எதனால ஆடுது?”

“காத்து,” என்றேன்.

அவர் வெளியே எட்டிப் பார்த்தார். வாசலில் தொங்கிய சாக்குப் படுதா அசையாமல் நின்றது. “மார்கழியில எங்க அண்ணாச்சி காத்து? ஆடியில சொன்னா நம்பலாம்.”

“எங்க வீட்டுப் பக்கம் அடிக்கும்.”

“கே.டி.சி. நகருக்குன்னு தனியா அடிக்குதாக்கும்,” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவரும் மேலே கேட்கவில்லை.

காற்றை எதிர்த்து நிற்கும்படி அவர் செய்தார். ஆழ்துளைக் கிணற்றுக்குப் போடும் கனத்த இரும்புக் குழாயை இடுப்புயரத்துக்கு வெட்டி, புறவாசலில் குழி தோண்டிக் கான்கிரீட்டில் நட்டார். குழாயைத் தட்டினால் கோயில் மணி மாதிரி ஒலித்தது. “இந்தச் சத்தம் போகணும், இதுதான் அதிர்வு,” என்று உள்ளே மணலைக் கொட்டினார். “ஆத்துமணலுக்கு எங்க போறது இப்ப? எம்-சாண்டுதான்.” நிரம்பியதும் தட்டினேன், நெல் மூட்டையைத் தட்டியதுபோல ‘தொப்’ என்றது. தலைப்பில் ஒரு பழைய காரின் சக்கர பேரிங்கைப் பொருத்தினார், இடவலமாகச் சுற்ற. அதன்மேல் கவட்டை மாதிரி இரண்டு தகடுகள், குழலை மேலும் கீழும் சாய்க்க. பட்டறையில் ஏற்கெனவே கையில் இருந்த வேலைகளையெல்லாம் முடித்துவிட்டு வந்து செய்ததில் தை பிறந்துவிட்டது.

குழலை ஏற்றிய அன்று, தன் வேலையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அவரும் இருட்டும்வரை காத்திருந்தார். நான் பார்த்தேன். மணி மணியாகவே நின்றது. குழலை விரலால் சுண்டினேன். ஒரு துள்ளல், உடனே அடங்கியது. எனக்கு மனம் நிறைந்துவிட்டது. உள்ளே போய் அன்னத்தாயைக் கூப்பிட்டேன். நல்ல சேலை ஒன்றை மாற்றிக்கொண்டு வந்தாள்.

ஸ்டூலில் உட்கார்ந்தாள். சாய வேண்டுமே, இரண்டு கைகளாலும் குழலைப் பிடித்தாள்.

“தெரியுதா மதினி?” என்றார் தாஜ் முகம்மது.

“தெரியுது,” என்றாள்.

அது பொய். அவள் குரலே எனக்குச் சொல்லிவிட்டது. வேற்று ஆள் முன்னால் என் கட்டுப்பாட்டை எனக்காகக் காத்தாள்.

தாஜ் முகம்மது அவளைப் பார்க்கவில்லை. குழலின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இல்லையே. நுனி ஆடுதே.” டார்ச்சைப் போட்டுக்கொண்டு மண்ணில் முட்டிபோட்டார். ஒவ்வொரு போல்ட்டாகத் திருகிப் பார்த்தார். “எங்கனயோ வெல்டு விட்டிருக்கு. என் வேலை இப்படி ஆகாதே. அண்ணாச்சி, மன்னிச்சுக்கிடுங்க. நாளைக்கே பிரிச்சுக் கொண்டுபோயி முதல்லேருந்து செஞ்சு தாரேன்.”

அவர் தன் கைவேலையைத் தானே வாய்க்குள் திட்டிக்கொண்டு தூணைச் சுற்றித் தவழ்ந்தார். நான் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய பெயரும் ஒரு பெயர்தான். என் வீட்டுப் பெயரைக் காக்க நான் அதைச் செலவழித்துக்கொண்டிருந்தேன்.

“எந்திரிங்க பாய்,” என்றேன். “வேலையில குத்தம் இல்ல. உங்க மதினிக்குக் கை நடுங்குது. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு.”

அன்னத்தாய் குழலிலிருந்து கைகளை எடுத்தாள். வழக்கம்போல முந்தானைக்குள் விடாமல், அப்படியே மடியில் போட்டுக்கொண்டாள். தாஜ் முகம்மது எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டார். அந்தக் கைகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவருக்குக் கோபம் இருந்தது. இருக்கத்தான் வேண்டும்.

“இதைப் பட்டறையிலயே சொல்லியிருந்தா அதுக்குத் தக்கன செஞ்சிருப்பேனே. காத்துன்னீங்க.”

“அவுக அப்படித்தான்,” என்றாள் அன்னத்தாய். “சித்திரையில எனக்குக் குளிருதும்பாக.”

அவர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

“தூணை இன்னும் கனமாப் போட்டுப் பாப்போமா?” என்றார் அவர்.

“எம்புட்டுக் கனம் போட்டாலும் நான் பிடிச்சா ஆடத்தான் செய்யும். பிடிக்காம எனக்கு உக்கார முடியாது.” அன்னத்தாய் தன் மோவாயைத் தொட்டுக் காட்டினாள். “கண்ணாஸ்பத்திரியில ஒரு மிஷின் இருக்குல்லா? நாடியை ஒரு தட்டுல வச்சு, நெத்தியை ஒரு பட்டையில சாய்ச்சு உக்காருவோம். டாக்டர் அந்தப் பக்கமிருந்து கண்ணைப் பாப்பாரு. போன மாசம் போயிருந்தப்போ அதுல எனக்குத் தலை ஆடவே இல்ல. அது மாதிரி எனக்குத் தனியா ஒண்ணு இருந்தா?”

“தனியான்னா, தூணோட சேராமயா?”

“சேரவே கூடாது. குழியும் வேற. ஒரே சிமெண்டுல ரெண்டும் நின்னா என் நடுக்கம் அடிவழியாப் போயிருமே.”

தாஜ் முகம்மது ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கோடு போட்டார். அவள் அந்தக் கோட்டைத் தள்ளிப் போடச் சொன்னாள். பிடித்துக்கொள்ள வளைந்த குழாய் எந்த உயரம், நாடித் தட்டை ஏற்றி இறக்கத் திருகு எந்தப் பக்கம் என்று இருவரும் பேசிக்கொண்டே போனார்கள். நான் டார்ச் பிடித்தேன்.

“நேராப் பிடிங்க,” என்றாள் என்னை.

அந்த இரும்புச் சட்டம் இரண்டே நாளில் வந்தது. மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு முதலில் இதைச் செய்தார் என்று பிறகு அறிந்தேன். தூணிலிருந்து ஒரு முழம் தள்ளி, தனிக் குழியில் நட்டார். நெற்றிப் பட்டைக்கு சைக்கிள் சீட் ரெக்சின் சுற்றியிருந்தது. சிமெண்ட் இறுகும்வரை தொடக் கூடாது என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

பக்கத்து வீட்டுப் பொன்செல்வி மதிலுக்கு மேலாக எட்டி, “என்ன மதினி, ஊஞ்சல் போடுதீகளா?” என்று கேட்டாள்.

“கை நடுங்குதுல்லா, பிடிச்சுக்கிட்டு உக்கார,” என்றாள் அன்னத்தாய், வத்தல் காயப்போடுவதைப் பற்றிச் சொல்வதுபோல. நான் தாழ்வாரத்தில் பேப்பருக்குப் பின்னால் இருந்தேன். பொன்செல்வி தன் அத்தைக்கும் அப்படி இருந்ததைச் சொன்னாள். என்ன மாத்திரை, எத்தனை வேளை என்று இருவரும் வெகுநேரம் பேசினார்கள். அன்னத்தாய் அப்படி ஒருவரோடு நின்று பேசி எவ்வளவு நாளாயிற்று என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அடுத்த நாட்களில் மலைப்பக்கமிருந்து மேகம் வந்து மேற்கை மூடியது. சனி எங்கே இறங்கிவிடுவாரோ என்று நான் தவித்தேன். மேகம் விலகிய மாலையில் தாஜ் முகம்மதுக்குப் போன் செய்தேன். கடையைச் சாத்திவிட்டு நேரே வந்தார். சனி பக்கத்து வீட்டு வேம்புக்குச் சற்று மேலே நின்றார்.

அன்னத்தாய் தட்டில் நாடியை வைத்து, பட்டையில் நெற்றியைச் சாய்த்து, குழாயை இரு கைகளாலும் பற்றினாள். கைகள் நடுங்கிக்கொண்டுதான் இருந்தன. வளையல்கள் இரும்பில் பட்டுச் சிணுங்கின. குழல் அசையவில்லை.

ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். பிறகு, “இருக்காரு,” என்றாள்.

“எப்படி இருக்காரு?”

“சின்னதா, உருண்டையா. குறுக்க ஒரு கம்பி. பக்கத்துல ஒரு பொட்டு.”

“அது அவரோட நிலா,” என்றேன். சுப்ரஜா சொல்லித் தந்தது.

“இவருக்குப் போயா இம்புட்டு நாளும் பயந்தோம்? கைப்பிள்ளை மாதிரில்லா இருக்காரு. ஐயோ, போறாரே. தள்ளுங்க, பைய, பைய. நில்லுங்க.”

நான் குழலைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். சனி விலகிப் போவதும், அவள் சொல்ல நான் திரும்பக் கொண்டுவருவதுமாக இருந்தது. தாஜ் முகம்மது பக்கத்தில் நின்றார். குழலை ஒரு நொடி விட்டு, அவர் கையை எடுத்து என் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் கொடுத்துப் பழக்கம். வாங்கிக்கொண்டால் சொல்ல வேண்டிய வார்த்தையை யாரும் எனக்குப் பழக்கவில்லை.

“இருக்கட்டும் அண்ணாச்சி,” என்றார். “மதினி, எனக்கும் கொஞ்சம் காட்டுங்க.”

அவர் பார்த்தார், வாய்க்குள் ஏதோ ஓதியது காதில் விழுந்தது. அதன்பின் என்னை உட்காரச் சொன்னார்கள். எனக்கு எதற்குப் பிடிமானம் என்று தோன்றினாலும், நாடியைத் தட்டில் வைத்து, அன்னத்தாயின் கைச்சூடு இருந்த குழாயைப் பிடித்தேன். இத்தனை வாரம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மணிக்கும் வளையத்துக்கும் நடுவே மெல்லிய கருப்பு இடைவெளி இருப்பதை அன்றுதான் கண்டேன். நான் எதையும் பிடிக்காமல் நின்று பார்த்தபோதெல்லாம் என் உடம்பும் ஆடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது போலும். அவளுக்கென்று அவள் சொல்லி, அவர் செய்தது. அதில் எனக்கும் இந்தக் காட்சி கிடைத்தது. இருவரையும் நினைத்துக்கொண்டே பார்த்தேன்.

“போதும், எந்திரிங்க,” என்றாள் அன்னத்தாய் என் தோளில் தட்டி. “மரத்துக்குள்ள இறங்கப் போறாரு. என் முறை.”

எழுந்து இடம் விட்டேன்.