ஃபோர்மேனின் எட்டுக் கட்டளைகள்

பதினோரு வருஷம் பட்டறையில் இரும்புத் தகடு தேய்க்கும் கிரைண்டரோடு மல்லுக்கட்டியதில், பொறி என்று எல்லாரும் கூப்பிடும் அவளுக்குக் காது பாதி செத்துவிட்டது. பக்கத்தில் நின்று கத்தினால் கேட்கும். ஹெட்போனில் பேசினால் கொசு முனகுவதுபோல இருக்கும். வெல்டரான அவள் தம்பிக்கும் அதே கதி. கிரேன்காரருக்கு இடது காது முழுசாகவே போய்விட்டது. அதனால் துப்பாக்கிச் சண்டை வீடியோ விளையாட்டில் உட்கார்ந்தால் இந்த மூவரும் மைக்கைத் தொடுவதில்லை. அவர்களுக்கு வாய் என்றால் அந்தச் சக்கரம்தான்.

ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் திரையில் சக்கரம் விரியும். எட்டுக் கட்டம், கட்டத்துக்கு ஒரு சொல். எதைத் தொடுகிறோமோ அது கூட்டாளிகளின் திரையில் கொட்டை எழுத்தில் விழும். விளையாட்டோடு வந்த சொற்களைப் பொறி முதல் நாளே துடைத்துப் போட்டாள்.

"நன்றி, சபாஷ், மன்னிச்சுக்க... இதுக்கு மூணு கட்டமா? இந்தப் பட்டறையில எவன் எவனுக்கு நன்றி சொல்லியிருக்கான்?"

"நான் ஒரு தடவை சொன்னேன்மா, லீவு கேட்டப்போ," என்றார் கிரேன்காரர்.

"குடுத்தாங்களா?"

"எங்க குடுத்தாங்க? அவசரப்பட்டு முன்னாடியே சொல்லித் தொலைச்சுட்டேன்."

கட்டைவிரல் முதலில் போகும் மேல்கட்டத்தில் 'பின்னால் பார்' என்று வைத்தாள். அடுத்தது 'எதிரி இங்கே'. அப்புறம் 'பின்வாங்கு', 'குண்டு தீர்ந்தது', 'நான் காக்கிறேன்'. எல்லாருக்கும் ஒரே வரிசை. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் தப்பாது.

இடைஞ்சல் நாலாவது ஆளால் வந்தது. செக்ஷனுக்குச் செக்ஷன் அந்த விளையாட்டில் போட்டி என்று முதலாளி அறிவித்ததும், நன்றாக ஆடிக்கொண்டிருந்த ஸ்டோர்காரனைக் கிளப்பிவிட்டு ஃபோர்மேன் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டான்.

"முதலாளி பாக்க வர்றாரு. சனிக்கிழமை பெயிண்டுக்காரன்கிட்ட தோத்தீங்கன்னா, திங்கக்கிழமை தொட்டியில உன் தம்பிதான் எறங்குவான்."

பழைய எண்ணெய்த் தொட்டி அது. உள்ளே மண்டியிட்டு உட்கார்ந்து அடிக்கசடைச் சுரண்ட வேண்டும். நல்ல ஆளே அரை மணிக்குமேல் தாங்கமாட்டான். தம்பி மூச்சிழுப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டுத் திரும்பி இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

பொறி சக்கரத்தை விரித்துக் காட்டினாள். ஃபோர்மேனின் பார்வை மூன்றாவது கட்டத்தில் நின்றது.

"பின்வாங்குன்னு நீ எனக்குச் சொல்லுவியா?"

"ஆட்டத்துல சார்."

"எந்த ஆட்டத்துலயும் சொல்லக் கூடாது."

கன்ட்ரோலரைப் பிடுங்கிக்கொண்டான். மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தன் சக்கரத்தைத் தானே நிரப்பினான். சீக்கிரம். ஓடு. அடி. நகரு. தூங்குறியா. கண்ணு இல்லியா. போய்த் தொலை. வெளங்கும்.

"எதிரி எங்கன்னு சொல்ல ஒண்ணாவது வைங்க சார்."

"எதிரியப் பாக்குறது உங்க வேலை. வேலை வாங்குறது என் வேலை."

 தொட்டியின் வாய் நினைவுக்கு வர, பொறி எழுந்து கிரைண்டருக்குப் போனாள்.

சனிக்கிழமை கேன்டீனில் மேசைகளைச் சுவரோரம் தள்ளிப் பெரிய திரை கட்டியிருந்தார்கள். முன்வரிசையில் முதலாளி. முதல் சுற்றிலிருந்தே ஃபோர்மேனின் சொற்கள் கல்மழைபோல விழுந்தன. பொறி சுடும்போது 'சீக்கிரம்'. தம்பி பதுங்கினால் 'தூங்குறியா'. கிரேன்காரர் செத்து விழுந்த பிறகும் 'ஓடு'.

"எங்கடா ஓடுறது, சுடுகாட்டுக்கா?" என்றார் கிரேன்காரர்.

"அந்த ஆளு எழுத்தப் பாக்காதடா," என்று தம்பியின் காதருகே கத்தினாள் பொறி. மூன்றாவது சுற்றுக்குள் மூவர் கண்ணும் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டன.

கடைசிச் சுற்று. இரண்டு பக்கமும் சமம். பெயிண்டுக்காரர்களில் இரண்டு பேர் விழுந்தாயிற்று. இவர்கள் நாலு பேரும் உயிரோடு இருந்தார்கள். மீதி இருவரும் முன்வாசலில்தான் வருவார்கள் என்று மூவரும் துப்பாக்கியை நீட்டிக் காத்திருந்தார்கள். அடிபடாத இடமாகப் பார்த்துப் பின்படிக்கட்டில் ஒண்டியிருந்தான் ஃபோர்மேன். அந்த இருவரும் அவன் வழியாகவே ஏறினார்கள்.

அவன் பார்த்துவிட்டான். கட்டைவிரல் சக்கரத்தில் சுற்றியது. 'சீக்கிரம்'. 'சீக்கிரம்'. 'கண்ணு இல்லியா'. 'ஓடு'. வாயாலும் கத்தினான், கேன்டீன் கூச்சலில் அந்தக் காதுகளுக்கு அது எட்டவில்லை. சக்கரத்தைப் பிடித்திருந்த விரல் சுடும் பொத்தானுக்கு வருவதற்குள் அவன் திரை சிவந்தது. அடுத்து கிரேன்காரர். அடுத்து தம்பி. பொறி திரும்புவதற்குள் அவளும்.

"நான்தான் சொன்னேன்ல!" ஃபோர்மேன் நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தான்.

"என்ன சொன்னீங்க?"

"பின்னால வர்றானுங்கன்னு!"

"சீக்கிரம்னு சொன்னீங்க. காலையிலேர்ந்து அதத்தான் சொல்றீங்க."

"வேற எதச் சொல்றது? அதுல வேற என்ன இருக்கு?"

முதலாளி முன்னால் சாய்ந்தார். "என்னதான் இருக்கு? காட்டு பாப்போம்."

பெரிய திரையில் ஃபோர்மேனின் சக்கரம் விரிந்தது. பெயிண்ட் செக்ஷன் பெண் ஒருத்தி ஒவ்வொன்றாக உரக்கப் படித்தாள். 'போய்த் தொலை' வந்ததும் கேன்டீனே குலுங்கியது. முதலாளியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, காரேறிப் போய்விட்டார்.

ஃபோர்மேன் கூட்டம் கலையும்வரை அசையாமல் நின்றான்.

"திங்கக்கிழமை. உன் தம்பி. தொட்டி."

"தப்பு உங்களோடது சார்."

"அதனாலதான்."

திங்கட்கிழமை காலை தம்பி இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினான். மறுமுனையைப் பிடிக்க நிறுத்தியிருந்தவன் போனை நோண்டிக்கொண்டிருந்தான். பொறி கிரைண்டரை அணைத்தாள். போய் அவன் கையிலிருந்து கயிற்றை வாங்கித் தன் மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டாள்.

"மூச்சு முட்டுனா ரெண்டு இழு இழுடா," என்று உள்ளே குனிந்து கத்தினாள்.

"ஏய், உன் எடத்துக்குப் போ!" ஃபோர்மேன் ஓடி வந்தான். "லாரி நிக்குது. நீ தேய்க்கிற தகடு அதுல போகணும்!"

"போகட்டும்."

"கிரைண்டர் யாரு புடிப்பா?"

"நீங்க புடிங்க. எனக்கு ரெண்டு கையிலயும் என் தம்பி இருக்கான்."

"சீட்டக் கிழிச்சுருவேன்டி!"

"கிழிங்க. அவன் மேல வந்தப்புறம் வந்து வாங்கிக்கிறேன்."

கிரேன்காரர் கிரேனை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். வெளியே லாரிக்காரன் ஹாரனை விடாமல் அழுத்தினான். ஃபோர்மேன் அவளையும் தகட்டையும் மாறி மாறிப் பார்த்தான். கடைசியில் கிரைண்டரைத் தூக்கினான். அது அவன் கையில் துள்ளியது.

கயிறு இரண்டு முறை வெட்டி இழுத்தது.

பொறி காலை விளிம்பில் ஊன்றி இழுக்கத் தொடங்கினாள். "பத்து நிமிஷம்கூட ஆகல!" என்று ஃபோர்மேன் பின்னாலிருந்து அலறியது அவள் காதில் விழவே செய்தது. அவள் திரும்பவில்லை. கசடு வழியும் தலை ஒன்று வெளிச்சத்துக்கு வந்தது. வாயைப் பிளந்து காற்றை விழுங்கியது.

"உக்காருடா," என்றாள். "இனிமே நீ எறங்கல."