கரடிக்குக் கேட்ட மணி

என் கிளிப் பைக்குள் குருவி கூடு கட்டியதைப் பார்த்து நான் பூரித்துப்போனேன் என்று என் வீட்டுக்காரர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். நம்பாதீர்கள். முதலில் எனக்கு வந்தது கோபம்தான். திரைச்சீலை தைத்து மிஞ்சிய துணியைக் குட்டிச் சட்டை மாதிரி வெட்டி, காலர் வைத்து, பித்தான்கூடத் தைத்துக் கொடியில் மாட்டிவைத்த பை அது. சட்டையின் கழுத்துக்குள் கையை விட்டால் துணிக்கு மாட்டுகிற கிளிப் வரும். அன்றைக்குக் கையை விட்டேன், காய்ந்த புல்தான் தட்டுப்பட்டது. கூடவே ஏதோ ஒன்று படபடவென்று அடித்துக்கொண்டு என் காதை உரசிப் பறந்தது. நான் துள்ளிய துள்ளலில் வாளி கவிழ்ந்து, துவைத்த துணியெல்லாம் மறுபடி மண்ணாகிவிட்டது.

எட்டிப் பார்த்தேன். கிளிப்புகளின் மேல் புல்லால் ஒரு சின்னக் கிண்ணம், அதற்குள் மூன்று முட்டை. கிண்ணத்தின் விளிம்பு முழுக்க என்னுடைய மஞ்சள் கம்பளி நூல். பின்னல் வேலை செய்யும்போது வெட்டி எறிந்த துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு போயிருக்கிறது. "திருட்டுக் கழுதை" என்று வாய் திட்டியது. கை பையைக் கழற்ற வரவில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து, கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, சின்னப்பிள்ளை மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"பறந்து போற வரைக்கும் இருந்துட்டுப் போகட்டுமே. துணியை நாற்காலி மேல காயப்போட்டுக்கலாம்."

"போட்டுக்கலாம்னு சொல்ற வாயோட சேர்த்துக் கையும் வந்தா நல்லாருக்கும்" என்றேன். அன்றிலிருந்து துணி காயப்போடுவது அவர் வேலை ஆயிற்று. குருவியால் எனக்குக் கிடைத்த முதல் லாபம் அது.

எங்கள் வீட்டில் மனிதர்கள் மூன்று பேர். நான் முன் அறையில் மெஷின் போட்டுக் குஷன் உறையும் திரைச்சீலையும் தைத்து, ஒரு கடைக்குக் கொடுக்கிறேன். மீதி நேரத்தில் கம்பளிப் பின்னல். அவர் தபால் பிரிக்கிற இடத்தில் வேலை பார்க்கிறார். மூன்றாவது என் மாமனார். அச்சகத்தில் இயந்திரம் ஓட்டியே காதைப் பாதி தொலைத்தவர். காதுமெஷின் வைத்திருக்கிறார், ஆனால் தனக்குப் பிடிக்காத பேச்சு வரும்போது அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். உட்கார்ந்த இடத்தில் உட்கார மாட்டார். குழாய் சொட்டுகிறதா, கதவு தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா, எந்த அறையில் விளக்கு வீணாக எரிகிறது என்று நாள் முழுக்க வீட்டைச் சுற்றி ரோந்து வருவார்.

மனிதர்களைத் தவிர சீமாட்டியும் கரடியும். சீமாட்டி பூனை, மாமனாருடையது. கரடி நாய், என்னுடையது. கல்யாணமாகி வரும்போது தையல் மெஷினோடு நான் கூட்டிவந்தது. அப்போது என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கும். இத்தனை வருஷத்தில் மாமனார் ஒரு தடவைகூட அதைக் கரடி என்று கூப்பிட்டதில்லை. "உன் நாய் செருப்பைக் கடிச்சிருக்கு", "உன் நாய் வாசல்ல படுத்திருக்கு". எப்போதும் உன் நாய்தான்.

கரடிக்கு வயதாகிவிட்டது. கண்ணில் பால் படிந்த மாதிரி வெள்ளை விழுந்து, இந்த மழைக்காலத்தோடு பார்வை முழுசாகப் போய்விட்டது. முதலில் சமாளித்தது. சுவர் ஓரமாகவே நடந்து சாப்பாட்டுக் கிண்ணத்துக்கு வரும், கொல்லைக்குப் போகும். அப்போதுதான் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. வெளிச்சம் வேண்டுமென்று தையல் மேசையை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டேன். புத்தி கெட்டவள், கரடி எந்த வழியாக நடக்கிறது என்று யோசிக்கவே இல்லை. அது வழக்கம்போல வந்து மேசைக்காலில் மூக்கை இடித்துக்கொண்டு கீச்சென்று கத்தியது. அன்றே மேசையை இருந்த இடத்துக்குத் தள்ளிவிட்டேன். ஆனால் கரடிக்கு வீட்டின்மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. மேசைக்கு அடியில் படுத்ததுதான், எழுந்திருக்கவே இல்லை. கிண்ணத்தை வாயருகே கொண்டுபோனால் நக்கும். கொல்லைக்கு நான்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பெயருக்கேற்ற கனம் வேறு.

கால்நடை டாக்டர் ஒரு டானிக் எழுதிக்கொடுத்தார். "காலுக்குத் தெம்பு வரும், பாப்போம்" என்றார்.

இந்த நிலைமையில்தான் கிளிப் பைக்குள் முட்டை பொரிந்தது. சீமாட்டிக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. கொடிக்குக் கீழே உட்கார்ந்து, வாலைச் சுற்றி வைத்துக்கொண்டு, ஒன்றுமே தெரியாத மாதிரி வானத்தைப் பார்ப்பாள். விரட்டினால் போவாள், மெஷின் சத்தம் கேட்டதும் திரும்பி வருவாள். சரி, ஊரெல்லாம் பேசிவிட்டு ஒருவரும் செய்யாத அந்த வேலையை நாமே செய்துவிடலாம் என்று, மஞ்சள் கம்பளியில் பட்டை பின்னி, பித்தான் டப்பாவில் கிடந்த ஒரு பித்தளை மணியைக் கோத்து, அவள் கழுத்தில் கட்டினேன். என் கையில் விழுந்த கீறல்களை இங்கே விவரிக்கப் போவதில்லை.

மணி சின்னதுதான், சத்தம் மட்டும் கணீரென்று இருக்கும். குருவி உஷாராகிவிட்டது. சீமாட்டி கொல்லைப் படியில் கால் வைத்தாலே கொடியில் கூச்சல் கிளம்பும்.

"என்ன இது, பள்ளிக்கூடம் விட்ட மாதிரி?" என்று மாமனார் காதுமெஷினைக் கழற்றினார்.

இரண்டு நாள்கூட ஆகவில்லை. காலையில் நான் குஷனுக்கு ஜிப் வைத்துக்கொண்டிருக்கிறேன், மேசைக்கு அடியில் ஏதோ அசைந்தது. கரடி எழுந்து நின்றது. கால் நடுங்கியது, ஆனால் நின்றது. பிறகு மெதுவாக அறையைத் தாண்டி, நடுக்கூடத்தைத் தாண்டி, எதிலும் இடிக்காமல் கொல்லைப்படி வரைக்கும் போயிற்று. வீட்டுக்காரருக்கு ஃபோன் போட்டு, "டானிக் வேலை செய்யுதுங்க!" என்று கத்தினேன். அவர் வரும்போதே இன்னும் இரண்டு பாட்டில் வாங்கிக்கொண்டு வந்தார். அவரோடு வேலை பார்க்கிறவரின் அம்மாவுக்கு முழங்கால் வலியாம், அவருக்கும் அதையே வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்கிற அளவுக்கு அந்த டானிக்கைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினோம்.

குருவிக் குஞ்சுகள் நன்றாகத் தின்று கொழுத்து, ஒருநாள் காலையில் காலர் வழியாக ஒவ்வொன்றாக எட்டிக் குதித்து வேலியில் போய் உட்கார்ந்தன. கடைசிக் குஞ்சு குதிக்கப் பயந்து வெகுநேரம் கழுத்தை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது, குட்டிச் சட்டைக்குள் ஒரு கோபக்காரக் கிழவர் மாதிரி. அதுவும் போன பிறகு பையைக் கழற்றி, கூட்டைப் பத்திரமாக எடுத்துவைத்தேன்.

அதே நாள் மாமனார் சீமாட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார். கம்பளி உரசி அவள் கழுத்தில் முடி உதிர்ந்து, தோல் சிவந்திருந்தது.

"உன் குருவிக்குத்தான் வேலை முடிஞ்சுதே. இதை எடுத்துவிடும்மா, பாவம்."

எனக்கே சங்கடமாகிவிட்டது. உடனே கத்தரித்து, மணியைப் பித்தான் டப்பாவில் போட்டேன்.

மறுநாள் கரடி எழுந்திருக்கவில்லை.

களைப்பாக இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த நாளும் இல்லை. டானிக்கைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தோம், எல்லாவற்றையும் வாந்தி எடுத்தது. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் அதன் காலை நீட்டி மடக்கிப் பார்த்தார். வயிற்றை அமுக்கினார். பிறகு கரடியின் தலையில் கையை வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"காலுல ஒண்ணும் இல்லம்மா. அதுவே வேணாம்னு விட்டுடுச்சு போல. இப்படியே படுத்துக் கிடந்தா புண்ணு வரும், அவஸ்தைப்படும். வெள்ளிக்கிழமை வரைக்கும் பாருங்க. எழுந்திருக்கலைன்னா கூட்டிட்டு வாங்க. வலி தெரியாம நான் பாத்துக்கறேன்."

அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. வண்டியில் நான் கரடியின் காதுமடலைத் தடவிக்கொண்டே வந்தேன். முன்னங்காலைத் தூக்கி என் மணிக்கட்டின் மேல் வைத்துக்கொண்டது. குட்டியாக வந்த நாளிலும் இப்படித்தான் வைத்துக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை. வேலையில் மனம் செல்லவில்லை, ஆனால் கடைக்காரர் விடுவாரா? ஒரு குஷனுக்கு ஒரே மாதிரி நான்கு பச்சைப் பித்தான் வேண்டியிருந்தது. டப்பாவை எடுத்து, அடியில் கிடப்பது மேலே வரட்டும் என்று குலுக்கினேன்.

மேசைக்கு அடியில் கரடியின் தலை சட்டென்று உயர்ந்தது.

நான் குலுக்குவதை நிறுத்தினேன். தலை அப்படியே நின்றது, காது மட்டும் இப்படியும் அப்படியும் தேடியது. மறுபடி குலுக்கினேன். பித்தான்களின் கலகலப்புக்கு நடுவில் அந்தப் பித்தளை மணி கணீரென்றது. கரடி எழுந்து நின்றது. மணியை மட்டும் வெளியே எடுத்து, அடிமேல் அடி வைத்துப் பின்னால் நடந்து அறையைக் கடந்தேன். ஆட்டினேன். வந்தது. கூடத்துக்குப் போய் ஆட்டினேன். நேராக வந்து என் முட்டியில் மூக்கை வைத்தது.

டானிக்கும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மணி போகிற இடத்தில் மேசையும் இல்லை, சுவரும் இல்லை என்று அது கண்டுபிடித்து வைத்திருக்கிறது. பார்வை இருந்த காலமெல்லாம் சீமாட்டியைத் துரத்திய நாய், பார்வை போன பிறகு அவள் காட்டிய வழியில் நடந்திருக்கிறது. அந்த வழியைத்தான் நான் கத்தரித்து டப்பாவில் போட்டுவிட்டேன். அங்கேயே தரையில் உட்கார்ந்து, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். சந்தோஷமா துக்கமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

ராத்திரி சாப்பிடும்போது எல்லாவற்றையும் சொன்னேன். கண்டுபிடித்தது சரி, இனி என்ன செய்வது? சீமாட்டியின் கழுத்துப் புண் இன்னும் ஆறவில்லை, ஆறினாலும் மறுபடி கட்ட மனசு வராது. நான் கட்டிக்கொண்டால் நாள் முழுக்க மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவள், எங்கே வழிகாட்டுவது? வீட்டுக்காரர் காலையில் போனால் இருட்டும்போதுதான் வருகிறார்.

"பொம்மை ரயில் ஒண்ணு வாங்கி அதுல கட்டி ஓடவிட்டா?" என்றார் அவர். நான் பார்த்த பார்வையில் சோற்றைப் பார்க்கக் குனிந்துகொண்டார்.

மாமனாரும் பக்கத்தில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காதுமெஷின் பையில் இருந்ததா காதில் இருந்ததா என்றுகூட நான் கவனிக்கவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு, குழாயை ஒரு முறை இறுக்கிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மணிச் சத்தத்தில்தான் கண் விழித்தேன். பாவி மனுஷன் சீமாட்டிக்கு மறுபடி கட்டிவிட்டார் போலிருக்கிறது என்று கோபத்தோடு எழுந்து வந்தேன். சீமாட்டி என் குஷன் துணிமேல் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். கழுத்தில் ஒன்றுமில்லை.

மணி நடுக்கூடத்தில் போய்க்கொண்டிருந்தது. மாமனார் தன் கால்சட்டை ஓரத்தில், கிளிப் பையிலிருந்து எடுத்த ஒரு கிளிப்பால் அதை மாட்டியிருந்தார். குழாயைப் பார்த்தார், விளக்கை அணைத்தார், கொல்லைத் தாழ்ப்பாளைத் திறந்தார். அவருக்குப் பின்னால், வாலை ஆட்டிக்கொண்டு, கரடி.

என்னைப் பார்த்ததும் முறைத்தார்.

"என்ன பாக்கற? நான் என் வேலையைப் பாத்துட்டுப் போறேன். உன் நாய் வந்தா வரட்டும்."

டாக்டருக்கு நானே ஃபோன் செய்து, வரவில்லை என்றேன். "டானிக் புடிச்சிடுச்சா?" என்று ஆசையாகக் கேட்டார். நல்ல மனிதர், எதற்கு மனதை நோகடிப்பது? "புடிச்சிடுச்சு டாக்டர்" என்று சொல்லிவிட்டேன்.

மத்தியானமே உட்கார்ந்து மாமனாரின் செருப்புக்கு ஒரு பட்டை பின்னினேன். மஞ்சள் வேண்டாமாம், சாம்பல்தான் வேண்டுமாம், ஆம்பிளைக்கு மஞ்சள் எதற்காம். சாம்பலிலேயே பின்னி மணியைக் கோத்துக் கொடுத்தேன். இப்போது ரோந்து தெருமுனைக் கடைவரை நீண்டுவிட்டது. மாமனார் முன்னால் கணீர் கணீரென்று போகிறார், கரடி பின்னால் போகிறது. கடைக்காரர்கள் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. மணிச் சத்தம் ஆகாது என்று காதுமெஷினைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கிளம்புகிறார். அதனால் கரடி பின்னால் வருகிறதா என்று அவருக்குக் கேட்பதில்லை. நாலு அடிக்கு ஒரு தரம் நின்று, திரும்பிப் பார்த்து, அது வந்து சேர்ந்த பிறகுதான் நடக்கிறார். அரிசி வாங்கப் போனவர் திரும்பி வருவதற்குள் உலை கொதித்து அடங்கிவிடுகிறது.

ஒருநாள் அவர் காதருகே போய்ச் சத்தமாகச் சொன்னேன். "மாமா, மெஷினை மாட்டிக்கிட்டுப் போனா, அது வர்றது உங்களுக்குக் கேக்குமே. திரும்பித் திரும்பிப் பாக்க வேண்டாமே."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். மணி குலுங்கியதும் கரடி கதவருகே வந்து நின்றது.

"அதுதான் பாக்க முடியாம வருது" என்றார். "நானாவது பாக்க வேண்டாமா?"

பிறகு குனிந்து, "வாடா கரடி" என்று சொல்லிக் கதவைத் திறந்தார்.