வாங்க போங்க

நெட்டச்சி உள்ளே வந்ததும் என் வீட்டுக்காரர் எழுந்து நின்று, "வாங்க தோழர், உக்காருங்க" என்றார். கட்டிலில் கிடந்த என் புடவையைச் சுருட்டி மூலையில் போட்டு அவளுக்கு இடம் செய்தார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. 'தோழர்' என்ற சொல்லே எங்கள் தெருவுக்குப் புதிது. மில்லில் சங்கம் ஆரம்பித்ததிலிருந்து எங்கள் ஒற்றை அறையில்தான் கூட்டம் நடக்கிறது. ஆணும் பெண்ணும் சமம் என்று இவர் அடித்துப் பேசிவிட்டு, அதே மூச்சில் என் பக்கம் திரும்பி, "ஏய், தண்ணி கொண்டா" என்பார். ஊருக்குத்தான் உபதேசம். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு 'ஏய்', 'இந்தா' தவிர வேறு பெயர் கிடையாது.

இவருக்கும் நெட்டச்சிக்கும் நடுவில் தப்பாக ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். இருந்திருந்தால் சண்டை போட்டாவது தீர்த்திருப்பேன். அவள் நூற்புப் பிரிவில் வேலை செய்கிறவள். அவளுடைய உயரத்தைப் பார்த்து நான்தான் அந்தப் பட்டப்பெயர் வைத்தேன். அழகி என்றும் சொல்ல முடியாது. ஆனால் அவள் வாயைத் திறந்தால் இவர் சிகரெட்டை அணைத்துவிட்டுக் கேட்பார். நான் பேசும்போது அணைத்ததே இல்லை.

அன்றைக்கு வேலைநிறுத்தம் பற்றிப் பேச்சு. கழிவுப்பஞ்சு பிரிக்கும் பெண்கள் வெளியே வராவிட்டால் ஒன்றும் நடக்காது என்றார்கள். நானும் அங்கேதான் வேலை செய்கிறேன், நான் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள். அதை நெட்டச்சிதான் ஞாபகப்படுத்தினாள். இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அவ வருவா. நான் சொல்லிக்கிறேன்."

டீ போட்டுக்கொண்டிருந்தவள் அடுப்பை விட்டு எழுந்தேன்.

"என்னைக் கேக்கலையே. இவங்களைக் கேக்கிற மாதிரி என்னையும் கேளுங்க. அப்புறம் சொல்றேன்."

கூட்டத்துக்கு வந்திருந்த தறியோட்டுகிறவர் ஒருவர் சிரிப்பை அடக்க இருமினார். என் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றார். 'தோழர்' மட்டும் வாயில் வரவில்லை.

நான் போய் அதே கட்டிலில், நெட்டச்சி பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கள் பிரிவில் யார் வருவார்கள், யார் பயப்படுவார்கள் என்று சொல்லத் தொடங்கினேன். டீ பொங்கி அடுப்பில் வழிந்தது. பழக்கதோஷத்தில் நெட்டச்சி எழப் பார்த்தாள். அவள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். பொறாமை போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், கொஞ்சம் அழுத்தியே பிடித்தேன். ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் இவர்தான் எழுந்துபோனார். பிடிதுணி எங்கே இருக்கிறதென்று தெரியாமல், பொங்குகிற பாத்திரத்தின் முன்னால் இரண்டு கைகளையும் நீட்டியபடி நின்றார்.