கடிவாளத்தைத் தொடாத கை

குதிரையின் பெயர் கடுகு. நிறத்தைப் பார்த்து யாரோ வைத்த பெயர். உயரத்தைப் பார்த்திருந்தால் அப்படி வைக்க மனம் வந்திருக்காது. ஏறி உட்கார்ந்தவளுக்குத் தரை எங்கோ கிணற்றுக்குள் கிடப்பதுபோல் இருந்தது.

சில மாதங்களுக்கு முன் இதே கடுகுதான் அவளைத் தூக்கி எறிந்தது. தோள் எலும்பு கூடிவிட்டது. தூக்கத்தில் மட்டும் இன்னும் விழுந்துகொண்டிருந்தாள்.

நாளைக் காலை காவல்துறைக் குதிரைப்படையில் தேர்வு. சேணத்தில் தொங்கும் அங்கவடியில் கால் வைக்காமல் மைதானத்தை ஒரு சுற்று வர வேண்டும். முடியாவிட்டால் அலுவலகத்தில் நாற்காலி காத்திருக்கிறது. ஏழு வயதில் தெருவில் போன முதல் குதிரைக்குப் பின்னால் செருப்பில்லாமல் ஓடியவளுக்கு நாற்காலி!

"கடிவாளத்தை விடு. கைய விரி" என்றாள் அண்ணி. லாயத்துக் குதிரைகள் எல்லாம் அவள் பொறுப்பில்தான். கடிவாளத்தை முடிச்சுப் போட்டுக் கடுகின் கழுத்திலேயே விட்டிருந்தாள். நீளக் கயிற்றின் மறுமுனை அவள் கையில். முற்றத்தின் நடுவில் நின்றுகொண்டு குதிரையை வட்டமாக நடக்கவிட்டாள்.

"அண்ணி, விழுந்துடுவேன்."

"முட்டிய இறுக்காத. நீ இறுக்கினா அதுக்கு 'ஓடு'ன்னு அர்த்தம். ஓடுன்னும் சொல்லி, கடிவாளத்தையும் இழுத்தா அது என்னதான் பண்ணும்? அன்னைக்கு அதான் உன்னைத் தூக்கி வீசிடுச்சு."

"தெரியுது. ஆனா கால் கேக்க மாட்டேங்குது."

"மூச்சை அடக்குறேல்ல, அதான். பேசிட்டே இரு. பேச ஒண்ணும் இல்லேன்னா உங்க அண்ணனைத் திட்டு."

"எங்க அண்ணனையா?"

"எம் புருஷன்தானே, நானே அனுமதி தரேன். ஆரம்பி."

அவள் தொண்டையைச் செருமினாள். "ஈரத் துண்டைக் கட்டில்லயே போடுவான்."

"இப்பவும் அப்படித்தான். அப்புறம்?"

"கடைசி துண்டு கேக்கைத் தின்னுட்டு காலி டப்பாவை மூடி வைப்பான்!"

அண்ணி சிரித்தாள். திட்டத் திட்ட மூச்சு வெளியே போனது. இடுப்பு மெல்ல அசையக் கற்றுக்கொண்டது. பயம் போய்விடவில்லை, கொஞ்சம் நகர்ந்து உட்கார இடம் கொடுத்தது.

அப்போதுதான் வைக்கோல் இறக்க வந்த லாரியின் பின்கதவு இரும்புச் சத்தத்தோடு விழுந்தது.

கடுகு துள்ளியது. கயிறு அண்ணியின் உள்ளங்கையைத் தீய்த்துக்கொண்டு உருவிப் போனது. லாரி வந்த வாசல் அகலத் திறந்தே கிடந்தது. அதற்கு அப்பால் சாலை, பேருந்துகளின் ஹாரன்.

அவளுடைய முட்டிகள் கேட்காமலே இறுகின. கடுகு இன்னும் வேகமெடுத்தது. காதில் காற்று. முடிச்சிட்ட கடிவாளம் கண்ணெதிரே குதித்தது. கை அதை நோக்கிப் பாய்ந்தது. இழுத்தால் அன்றைக்குப் போலவே ஆகும், இழுக்காவிட்டால் சாலை. விரல்கள் அந்தரத்தில் நின்றன.

"திட்டுடி!" பின்னாலிருந்து அண்ணியின் குரல் கிழிந்து வந்தது. "உங்க அண்ணனைத் திட்டு!"

"பேய் மாதிரி குறட்டை விடுவான்!" என்று அலறினாள். அலறலோடு உள்ளே அடைத்திருந்த மூச்சு முழுவதும் வெளியேறியது. தொடை தளர்ந்தது. உடம்பு மூட்டைபோலச் சேணத்தில் இறங்கி உட்கார்ந்தது. "என் சைக்கிளைத் தொலைச்சிட்டு... நான்தான் தொலைச்சேன்னு... அம்மாகிட்ட..."

கடுகின் வேகம் குறைந்தது. ஓட்டம் நடையானது. வாசல் தூணை ஒட்டி நின்று பெருமூச்சு விட்டது. தூணுக்கு வெளியே ஒரு பேருந்து உரசுவதுபோலக் கடந்து போனது.

அண்ணி மூச்சிரைக்க ஓடிவந்து கயிற்றைப் பிடித்தாள். உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. "கதவை மூடாம விட்டது என் தப்பு. போதும்டி, இறங்கு. நாளைக்கு நடக்குறது நடக்கட்டும்."

அவள் கீழே பார்த்தாள். தரை அதே கிணற்றுக்குள்தான் கிடந்தது. கன்னம் நனைந்திருந்தது.

"இறங்க மாட்டேன் அண்ணி. இறங்கினா மறுபடி ஏற மாட்டேன், எனக்குத் தெரியும். நீங்க கையைக் கழுவிக் கட்டிக்கங்க. அப்புறம் கதவை மூடிட்டு வாங்க. தாழ்ப்பாளும் போடுங்க."

அண்ணி அவளை அண்ணாந்து பார்த்தாள். "மிச்சம் ஏதாவது இருக்கா திட்ட?"

"நிறைய இருக்கு" என்றாள் அவள். கைகளை விரித்தாள்.